காலி வரிசையில் ஒரு பட்டை

1

இந்தக் கதை எனக்குத் தூத்துக்குடியில் ஒரு பைண்டிங் கடையில் கிடைத்தது. திருடினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. கேட்டு வாங்கியது பிறகுதான்.

தொடர்கதையின் அந்த வார அத்தியாயத்தைப் பிரிண்ட் எடுக்கப் போயிருந்தேன். மே மாதம் லிங்கராஜ் அண்ணாச்சி கடையில் நிற்க இடம் இருக்காது. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருநீல அட்டை, தங்க எழுத்து, ஐந்து பிரதி. அன்று ஒரு பெண் ஸ்கூட்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, தன் ஆய்வேட்டுக்கு அட்டை ஒட்டியாகிவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை, எழுத்து மட்டும் கோத்தாயிற்று என்றார் அண்ணாச்சி.

"ஒட்டாதீங்க."

"ஏம்மா, பேர்ல எதும் தப்பா?"

"பேர் சரிதான் அண்ணாச்சி. உள்ள இருக்கது சரியான்னுதான் தெரியல."

வாரப் பத்திரிகைகளில் சந்தேகத்தை எழுதிப் பிழைக்கிறவன் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்தால், அவன் பிரிண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போவானா? நான் போகவில்லை.

அவளுக்கு ஜெமிமா என்று பெயர் வைத்திருக்கிறேன். நாசரேத் பக்கத்துப் பெண். தூத்துக்குடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடமாக மலேரியாக் கிருமியோடு மல்லுக்கட்டுகிறவள். கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்று நங்கூரம் பாய்ச்சிய அதே நிமிடத்தில், பூட்டிய ஆய்வகத்தின் ஃபிரிட்ஜை ஒரு கை மெல்லத்—"

(அடித்துவிட்டேன். எந்தக் கையும் அப்போது ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. ஒரு பூட்டைப் பார்த்தால் பின்னாலேயே ஒரு கையை எழுதிவிடுவது என் பழக்கம்.)

"ஒட்டுண்ணி என்றால் என்ன? இன்னோர் உயிரின் உடம்பில் குடியேறி, அதன் சோற்றைத் தின்று—"

(இதுவும் வேண்டாம். ஆசிரியருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே வாசகர்கள் ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். கூடவே ஒன்று கேட்டார்: "வில்லன் யாருய்யா?" அந்தக் கேள்வி இந்தக் கதை முழுக்க என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தது.)

"சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் ஜெமிமா ஒன்றைப் பார்த்தாள்."

இது இருக்கட்டும்.

3

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில் ஜெமிமா ஒன்றைப் பார்த்தாள்.

என்ன பார்த்தாள் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் விஷயம் சொல்ல வேண்டும். ராசிபலன் அங்கேயேதான் இருக்கும், அப்புறம் பார்க்கலாம்.

மலேரியாக் கிருமி நம் ரத்தத்தில் ஓர் உருவத்தில் வாழ்கிறது, கொசுவுக்குள் வேறோர் உருவத்தில் வாழ்கிறது. இரண்டுக்கும் ஒரே டிஎன்ஏதான். அதில் ஐயாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். எதை எந்த நேரத்தில் வேலை செய்ய விடுவது, எதை அடக்கி வைப்பது என்று பார்த்துக்கொள்ளச் சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒரு குடும்பம் ஏறக்குறைய முப்பது பேர் கொண்டது. செடிகளில் இருக்கும் ஒரு புரதக் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொன்றும் டிஎன்ஏவில் தனக்கென்று ஒரு குறுஞ்சொல்லைத் தேடிப் போய்ப் பிடிக்கும். அந்த இடத்து மரபணு விழிக்கும் அல்லது உறங்கும்.

புரதத்துக்குக் கண் கிடையாது. கன்டெய்னர் யார்டில் கரண்ட் போன சமயம், பெட்டிகளைக் கணக்கெடுக்கும் டேலி கிளார்க் ஒருவர் பெட்டிகளைத் தடவிக்கொண்டே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கை எல்லாப் பெட்டியிலும் படும். தன் பெட்டியின் சீல் விரலில் தட்டுப்பட்டதும் நின்றுவிடுவார். புரதமும் டிஎன்ஏ முழுக்க லேசாக ஒட்டி ஒட்டி நகரும். தன் சொல் வந்தால்தான் நிற்கும். ஒட்டுவது வேறு, அடையாளம் காண்பது வேறு.

ஜெமிமாவின் மூன்று வருடமும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது. பதினேழு என்று ஆய்வகத்தில் எண் கொடுத்த ஒரு புரதம், ஆறெழுத்துச் சொல் ஒன்றை அடையாளம் காண்கிறது என்பதுதான் அவள் ஆய்வேடு. கிருமி கொசுவுக்குத் தாவ ஆயத்தமாகும் மரபணுக்களின் வாசலில் அந்தச் சொல் இருக்கிறது. பிடி எப்படி என்று தெரிந்தால் அதைத் தளர்த்தவும் ஒரு நாள் வழி தேடலாம்.

வேலை நடக்கும் விதம் இது. பதினேழின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்தால், பாக்டீரியா அந்தப் புரதத்தைச் செய்து கொடுக்கும். புரதத்தின் முனையில் ஒரு வால் சேர்த்திருப்பார்கள். பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றை நீல நிற மணிகள் நிரப்பிய சிறு குழாயில் ஊற்றினால், வால் மணியைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் வழிந்து போகும். பிறகு பதினேழை மட்டும் மணியிலிருந்து விடுவித்து, டிஎன்ஏவோடு கலந்து, ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்ட வேண்டும். தனி டிஎன்ஏ வேகமாகக் கீழே ஓடும். புரதம் பிடித்த டிஎன்ஏ மேலேயே தங்கிவிடும். அங்கே ஒரு கோடு தெரியும். ஆய்வகத்தில் அதற்கு பேண்ட் என்று பெயர். நான் பட்டை என்று எழுதுகிறேன்.

ஜெமிமாவின் படங்களில் பட்டை எப்போதும் வந்தது. கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார்கள். அதைப் பரிசீலித்தவர் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: பிடிப்பது கிருமியின் புரதம்தான் என்று எப்படித் தெரியும்? அந்த மரபணுவே இல்லாத வெறும் பாக்டீரியாவையும் இதே வழியில் ஓட்டிக் காட்டுங்கள்.

ஒரு நாள் வேலை. சனிக்கிழமை காலையில் வெறும் பாக்டீரியாவை உடைத்து, மணிக்குழாயில் ஊற்றி, கிடைத்ததை மத்தியானம் ஜெல்லில் ஓட்டினாள். முதல் வரிசையில் பதினேழு. பக்கத்து வரிசையில் வெறும் பாக்டீரியாவில் கிடைத்தது; பதினேழு இல்லாததால் அதற்குக் காலி என்று பெயர்.

நான்கு மணிக்குப் படம் எடுத்தாள். காலி வரிசையில் ஒரு பட்டை இருந்தது.

4

யாரோ கலக்கிவிட்டார்கள். அவள் மனதில் முதலில் வந்தது இதுதான். இரண்டாவதாக வந்தது ஒரு பெயர்: ரெக்சன்.

ரெக்சன் அதே ஆய்வகத்தில் இன்னொரு மாணவன். அவன் அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். அவனுடைய சொந்த ஆராய்ச்சி இரண்டு தடவை படுத்துவிட்டது. போன வருடம் வாராந்தரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, பதினேழின் பட்டை மேல் தனக்கு நம்பிக்கையில்லை என்று சொன்னவன். கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம், "ஏளா, ஒன் பதினேழு இன்னும் பிடிக்குதா?" என்று சிரிப்பான். ஃபிரிட்ஜில் அவள் குழாய்களை நகர்த்தி வைத்துவிட்டுத் தன்னுடையதை முன்னால் வைப்பான்.

(எழுதிப் பார்த்தால் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறான் பாருங்கள். பொறாமை இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது, வாய்த்துடுக்கும் இருக்கிறது. ஆசிரியர் கேட்ட ஆள் கிடைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி.)

ஜெமிமா யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த காலிக் குழாயின் மூடியும் உடலும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக நீலப் பேனாவால் மயிரிழை போல ஒரு கோடு இழுத்தாள். யாராவது மூடியைத் திறந்து மறுபடி போட்டால் கோட்டின் இரண்டு பாதியும் நேராகச் சேராது. குழாயை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கோடு விலகியிருந்தது.

5

நிறுத்துங்கள். கடைசி வாக்கியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நான்காம் பகுதி வரை எழுதி ஜெமிமாவுக்கு அனுப்பினேன். அன்றே போன் வந்தது.

"அண்ணாச்சி, கோடு விலகல."

"கொஞ்சங்கூடவா?"

"வச்சது வச்சபடி இருந்துச்சு. நான்தான சொன்னேன் ஒங்ககிட்ட."

கதைக்கு விலகினால் நன்றாக இருக்கும், பெயரை மாற்றியாகிவிட்டது, யாருக்கும் தெரியப் போவதில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இப்படித்தான் அண்ணாச்சி எல்லாரும் படத்தத் திருத்துதாங்க. கொஞ்சூண்டுதான். நல்லா இருக்கும்னுதான்."

ஆக, இந்தக் கதையில் ஒருவருக்கும் தெரியாமல் குழாயில் கை வைத்தவன் ஒருவன் இருக்கிறான். அது ரெக்சன் இல்லை.

அந்த வாக்கியத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். இனி நான் எழுதுவதை நீங்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அது அங்கே கிடக்கட்டும்.

நடந்தது இது: கோடு விலகவில்லை. ஜெமிமா அதே குழாயிலிருந்து எடுத்து மறுபடி ஓட்டினாள். பட்டை மறுபடி வந்தது. கோடு நேராக இருந்தும் அவள் சந்தேகம் நகரவில்லை. வேறொரு மூடி மாற்றியிருப்பான், அதில் தானே கோடு போட்டிருப்பான் என்று நினைத்தாள். நீலப் பேனா அவனிடமும் இருக்கிறதே!

6

செவ்வாய்க்கிழமை காலையில் நேராகவே கேட்டுவிட்டாள்.

ரெக்சன் ஆட்டோகிளேவ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆள் உயரக் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி சாகும்வரை அழுத்தம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எழுந்து போக முடியாது. அவள் அந்த நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

"ஏலே, என் டியூப்ல கை வச்சியா?"

"எந்த டியூப்?"

"காலி டியூப். பதினேழ அதுல ஊத்துனியா?"

அவன் அழுத்தம் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊத்துனா எனக்கு என்ன கெடைக்கும்? ஒன் ஸ்கூட்டரா? அதுக்கு ஸ்டாண்டே கெடையாது."

"வெளையாடாத. எம் பேப்பர் நின்னு போவும்லா, அது கெடைக்கும்."

அப்போதுதான் அவன் திரும்பினான். அந்தக் குழாயை எப்போது செய்தாள், எப்போது ஓட்டினாள், நடுவில் அது எங்கே இருந்தது என்று வரிசையாகக் கேட்டான். சனிக்கிழமை காலை செய்தது, மத்தியானம் ஓட்டியது, நடுவில் ஐஸ்பெட்டியோடு தன் மேசையிலேயே இருந்தது என்றாள்.

"அன்னைக்கு நான் எங்கன இருந்தேன்?"

அவளுக்குத் தெரியும். மணப்பாட்டில் இருந்தான்; அவன் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம். திங்கட்கிழமை அவன் கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டு அவளும் தின்றாள். தின்றுகொண்டேதான் அவனைச் சந்தேகப்பட்டாள்.

"தெரியும்லா?"

"தெரியும்."

"பெறவு ஏன் என் மேல?"

ஜெமிமா ஆட்டோகிளேவின் முள்ளைப் பார்த்தாள்.

"நீ கலக்கியிருந்தா என் மூணு வருசம் தப்பிச்சிரும்லா," என்றாள்.

(இந்த வரியைக் கேட்ட அன்று நான் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. வில்லன் இருந்தால் பட்டை பொய். பட்டை பொய்யானால் பதினேழு மெய். அவளுக்கு அவன் குற்றவாளியாக இருக்க வேண்டியிருந்தது. எனக்கும்தான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்குச் சில நாள் அவனைப் பிடித்துத் தொங்கியிருக்கிறோம், ஆள் ஊரில் இல்லை என்பது தெரிந்தே.)

ரெக்சன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன், "அப்படின்னா நாந்தான் கலக்குனேன்னு எழுதிக் குடுத்துரட்டுமா?" என்றான். கிண்டலா, நிஜமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது என்பதையும் அவளேதான் என்னிடம் சொன்னாள்.

பிறகு இரண்டு பேரும் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து யோசித்தார்கள். ஆளை நீக்கிவிட்டால் மிச்சம் இரண்டு சந்தேகம்.

ஒன்று, மணிகள். அந்த நீல மணிகள் எளிதில் கிடைப்பதில்லை. ஆர்டர் போட்டால் வர இரண்டு மாதம் ஆகும். அதனால் ஆய்வகத்தில் ஒரே மணிக்குழாயைக் கழுவிக் கழுவி எல்லாரும் பயன்படுத்துவார்கள். யார் எத்தனை தடவை ஓட்டினார்கள் என்று குழாயில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதி வைப்பது வழக்கம். அதில் ஜெமிமாவின் பெயருக்கு நேரே பதினான்கு இருந்தது. கழுவியது அவள்தான். அவள் கழுவினால் ஊசிமுனை அழுக்கும் இருக்காது என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெருமையில்தான் பதினான்கு தடவை பதினேழு போய் வந்த அதே மணிகளில், யோசிக்காமல், வெறும் பாக்டீரியாவையும் ஊற்றியிருந்தாள். பழைய பதினேழு கொஞ்சம் ஒட்டியிருந்து இறங்கியிருக்கலாம். அப்படியானால் ஆய்வேடு பிழைக்கும்.

"பாக்டீரியாவையும் சேத்துக்க," என்றான் ரெக்சன்.

போன வருடக் கூட்டத்தில் அவன் சொன்னதும் இதைத்தான்; அவள் பொறாமை என்று நினைத்து அன்றைக்கே காதை மூடிக்கொண்டாள். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் ஏ, டி, ஜி, சி. மலேரியாக் கிருமியின் டிஎன்ஏவில் நூற்றுக்கு எண்பது ஏயும் டியும்தான். ஏ, டி நிறைந்த டிஎன்ஏவைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் பாக்டீரியாவுக்கே சொந்தமாக உண்டு. வால் இல்லாவிட்டாலும் அது மணியில் கொஞ்சம் தங்கிவிடலாம்.

"அந்த ஆறெழுத்துச் சொல்ல மாத்தி ஓட்டுனேன்லா? அப்ப பேண்ட் வரலயே," என்றாள்.

"என்னத்த மாத்துன? ஏயும் டியும் எடுத்துட்டு ஜியும் சியும் போட்ட. வெறும் ஏ-டிய மட்டும் பிடிக்கது எதுவானாலும் அங்க விட்டுரும்லா."

பட்டை பாக்டீரியாவுடையது என்றால், மூன்று வருடப் படங்களில் எதைப் பிடித்தது எது என்று சொல்லவே முடியாது. அடையாளம் கண்டது என்று அவள் எழுதியதெல்லாம் வெறுமனே ஒட்டியது என்று ஆகிவிடும்.

அங்கிருந்து நேரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பைண்டிங் கடைக்கு வந்தாள். எனக்குக் கதை கிடைத்தது அப்போதுதான்.

7

ஜெமிமாவின் வழிகாட்டிப் பேராசிரியை அருணாசலவடிவு அன்று சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மணி பழசு, அதுதான் காரணம் என்று பரிசீலித்தவருக்கு ஒரு வரி எழுதிவிடு, ஆய்வேட்டுக்கு அட்டையை ஒட்டச் சொல், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாயிற்று என்றார். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

(அவரை வில்லியாக்கலாமா என்று அரைப்பக்கம் எழுதினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, குரலைத் தாழ்த்தி— இல்லை. அவர் போனில்தான் பேசினார். கண்ணாடி போடுவாரா என்றே எனக்குத் தெரியாது.)

ஜெமிமா அந்த ஒரு வரியை எழுதினாள். அனுப்பவில்லை. ரெக்சன் மேல் ஒட்டிய அதே கைதான் இப்போது மணிகள் மேல் ஒட்டுகிறதோ என்று அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இது தனக்கு வசதியான காரணம், அதனாலேயே இதை நம்பக் கூடாது என்றாள் என்னிடம்.

அதைத் தீர்க்க ஒரே வழி, பதினேழு தொடாத புது மணி. அது ரெக்சனிடம் இருந்தது. மதுரையில் ஒரு பயிற்சி முகாமில் கொடுத்த சின்னக் குப்பி. தன் அடுத்த முயற்சிக்கென்று சீல் உடைக்காமல் வைத்திருந்தான். நேற்றுத்தான் திருடன் என்று சொன்னவனிடம் போய் அதைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று புதன்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தாள். வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால் குப்பி அவள் மேசையில் இருந்தது.

(எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? ஏன் இவ்வளவு சுலபமாகக் கொடுத்தான்? உள்ளே ஏதாவது கலந்து— ஜெமிமா சீலைத் தன் கையால் உடைத்தாள். நான் அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். என்னை என்னவென்று சொல்ல!)

வெறும் பாக்டீரியா. புது மணி. ஜெல் ஓட ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் ஜெமிமா தன் ஆய்வக நோட்டைத் திறந்து, பட்டை வந்தால் ஒன்று, வராவிட்டால் ஒன்று என்று இரண்டு வரி எழுதித் தேதி போட்டாள். ரெக்சனிடம் நீட்டி, சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"சாட்சியா? ரெஜிஸ்டர் கல்யாணம்னு நெனைச்சிரப் போறாங்க ஏளா."

"படிச்சிட்டுப் போடு."

படித்தான். சிரிப்பு போய்விட்டது. படம் பார்த்த பிறகு எழுதலாமே என்றான்.

"பாத்த பெறவு எழுதுனா எனக்குத் தக்கன எழுதுவேன்," என்றாள்.

கையெழுத்துப் போட்டான். அவள் ஜெல்லை எடுத்துக்கொண்டு படம் எடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். நோட்டை எடுத்து, இரண்டு வரிகளில் ஒன்றைப் பேனாவால் அடித்தாள்.

8

எது என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள்.

பைண்டிங் கடையில் அவள் எனக்குப் போட்ட நிபந்தனை அது. எல்லாம் சொல்வாள், முடிவை மட்டும் நான் எழுதி முடிக்கும்வரை சொல்லமாட்டாள். "தெரிஞ்சா நீங்க மொதல்லருந்தே அதுக்குத் தக்கன எழுதுவீங்க அண்ணாச்சி." கோட்டை விலக்கியவன் நான், மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அதனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். தங்க எழுத்து அட்டையோடு அவள் படியேறுவதாக ஒன்று எழுதினேன். பல்லில் ஒட்டுகிற இனிப்பாக இருந்தது. அவள் தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒன்று எழுதினேன். அதில் நான் அவளைக் கடற்கரைக்கு அனுப்பி அலையைப் பார்க்க வைத்திருந்தேன், அவள் வேலை இருக்கிற நாளில் கடற்கரைக்குப் போகிறவள் இல்லை. ரெக்சனே வில்லன் என்று மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் இன்னும் அதைத்தான் கேட்கிறார்.

மூன்றையும் கிழித்துவிட்டேன். நோட்டில் இருந்த இரண்டு வரிகளையும் அவள் அனுமதியோடு கீழே தருகிறேன். எழுத்து அவளுடையது. அடிப்பது உங்கள் வேலை. பேனாவை எடுங்கள். எந்த வரியின் மேல் கை முதலில் போகிறது என்று பாருங்கள், ஏன் போகிறது என்றும் பாருங்கள். அதன் பிறகு அடியுங்கள்.

பட்டை வரவில்லை: பழைய மணியில் செய்த பதினான்கு ஓட்டத்தையும் புது மணியில் மறுபடி செய்வேன். அதுவரை அட்டை ஒட்ட வேண்டாம்.

பட்டை வந்தது: என் முடிவு தவறு என்று இதழுக்கு நானே இன்று எழுதுவேன். அட்டை ஒட்ட வேண்டாம்.